டெரிக் பார்க்காத கோல்கள்

கிரிம்ஷா டவுன் கால்பந்துக் கழகம் ஒரு சனிக்கிழமை ஜெயிக்கும், மறு சனிக்கிழமை தோற்கும். அட்டவணையின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அணியை நாலு கோல் போட்டு ஓட ஓட விரட்டும். அடுத்த வாரமே, அடிமட்டத்தில் கிடந்து தவிக்கிற அணியை ஊருக்கு வரவழைத்து, மூன்று கோலைத் தானம் செய்து வழியனுப்பி வைக்கும். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் படியில் இருக்கிற கழகம் அது. அந்தப் படிக்குச் சாம்பியன்ஷிப் என்று பெயர். அதில் ஆடுகிற எவரும் சாம்பியன் இல்லை. அதனால்தான் அதில் ஆடுகிறார்கள்.

அந்தப் பருவத்தில் மட்டும் மூன்று பயிற்சியாளர்கள் வந்தார்கள். பந்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் முதலாமவர். பந்தை எதிரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் டென்மார்க்கிலிருந்து வந்தவர். பந்தைப் பற்றிப் பேசவே கூடாது, மூச்சைப் பற்றிப் பேசுவோம் என்றார். மூவர் காலத்திலும் அணி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தோற்றது. ஆட்டக்காரர்கள் யார் சொல்லையும் கேட்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

டெரிக் ஆஷ்வொர்த்துக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்க ஊர்ப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் ஓட்டிய பேருந்தும் சில நாள் மேட்டில் ஏறும், சில நாள் ஏறாது; பயணிகள் இறங்கி நடப்பார்கள், மறுநாளும் அதிலேயே வருவார்கள். சனிக்கிழமை மதியம் கால்வாய்த் தெரு மைதானத்தில், கிழக்குக் கூரைக்குக் கீழே, பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியில், மனைவி மோரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடுவரைத் திட்ட வேண்டும். வாரத்துக்கு அது ஒன்று போதும் அவருக்கு. கல்யாணமும் ஒரு சனிக்கிழமைதான் நடந்தது. சடங்கைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் அதே உடையில் ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குத் தோல்வி.

அவருக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. ஆட்டத்தின் நடுவே எழுந்து போய், மூலைக் கடைக்காரி ஜீன் ஊற்றித் தருகிற மாட்டிறைச்சிச் சாறு ஒரு கோப்பை வாங்கி வருவார். எலும்பு வரைக்கும் குளிர் ஏறுகிற ஊரில் அதைக் குடிக்காமல் ஆட்டம் பார்க்க முடியாது. அவர் எழுந்து போனால்தான் கிரிம்ஷாக்காரர்கள் கோல் போடுவார்கள். கோப்பையும் கையுமாகப் படியேறி வரும்போது கூட்டமே எழுந்து ஆடிக்கொண்டிருக்கும். "போச்சா?" என்று கேட்பார். "போச்சு" என்பாள் மோரீன். பக்கத்து வரிசைக்காரர்களுக்கு இது பழகிப்போன வேடிக்கை. ஆட்டம் மந்தமானால், "யோவ் டெரிக், போய் ஒரு கோல் வாங்கிட்டு வாய்யா" என்று முதுகில் தட்டுவார்கள்.

இந்த வேடிக்கையைத்தான் ரசிகர் சந்திப்பில் அவர் வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

கழகத்தின் தலைமைச் செயல் அலுவலர் ரூபர்ட் கெண்டல் மேடையில் நின்றார். கால்பந்துக்கு வருமுன் மெத்தைக் கம்பெனி நடத்தியவர்.

"நண்பர்களே, நாம நிலையில்லாம ஆடுறோம்னு பத்திரிகைக்காரங்க எழுதுறாங்க. நான் கேக்குறேன், போன வருஷம் எப்படி ஆடினோம்? அதுக்கு முந்தின வருஷம்? அப்பவும் இப்படித்தானே? இத்தனை வருஷமா கொஞ்சங்கூட மாறாம இருக்கோம். இதைவிட நிலையான ஒரு கழகத்தைக் காட்டுங்க பாப்போம்! மெத்தை என்ன செய்யும்? அமுங்கும், எழும்பும். அமுங்காத மெத்தையை யாராச்சும் வாங்குவாங்களா?"

யாரும் கைதட்டவில்லை. கெண்டல் அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டார்.

"கேள்வி இருக்கா?"

டெரிக் எழுந்தார். "கேள்வி இல்லை சார். வழி ஒண்ணு இருக்கு. நான் எழுந்து போய்ச் சாறு வாங்கினா கோல் விழுது. என்னைக் கடையிலேயே கட்டிப்போட்டுட்டா கோப்பை நமக்குத்தான்."

கூடம் சிரித்தது. கெண்டல்கூடச் சிரித்தார். "உக்காருய்யா, மானத்தை வாங்காதே" என்று மோரீன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். மேடை ஓரத்தில் தரவுப் பிரிவுத் தலைவர் டாக்டர் பிலிப்பா குயின் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தக் கடை?" என்று கேட்டார்.

"வடக்கு மூலைக் கடைம்மா."

"மிளகு போட்டா, போடாமலா?"

"போட்டு."

"நன்றி" என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. டாக்டர் பிலிப்பா திரையில் டெரிக்கின் நாற்காலியைக் காட்டினார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான பருவம் முழுவதையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாற்காலி காலியாக இருக்கும், கோல் விழும். மறுபடி காலியாகும், மறுபடி விழும்.

"சந்தேகமே இல்லை. நீங்க இல்லாத நேரத்துலதான் இந்தக் கழகம் நல்லா ஆடுது" என்றார்.

டெரிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, தோத்த ஆட்டத்துலயும் நான் போய்ச் சாறு வாங்கினேனே? அப்ப விழலையே?"

"அந்த ஆட்டங்களை நாங்க சேத்துக்கலை. அதுங்க கணக்கைக் கெடுக்குது."

கெண்டல் மேசையைச் சுற்றி வந்து டெரிக்கின் தோளில் கை வைத்தார். "டெரிக், உங்களை விரட்டுறதா நினைக்காதீங்க. இந்த ஊர்ல எவ்வளவோ பேர் ஆட்டத்துக்கு வர்றாங்க. வந்து என்ன செய்றாங்க? சும்மா உக்காந்திருக்காங்க. வராமலே உதவுறதுக்கு உங்க ஒருத்தராலதான் முடியும்."

அப்படித்தான் டெரிக் ஆஷ்வொர்த் அந்தக் கழகத்தின் முதல் இன்மை ஆலோசகர் ஆனார். நியமனத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். அவர் மைதானத்தை விட்டு வெளியே நடந்துபோவதை முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம்.

முதல் சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஆட்டம் தொடங்கியதும் கடைக்குப் போய் முதல் பாதி முழுக்க அங்கேயே நில்லுங்கள் என்றார்கள். நின்றார். ஜீன் அவருக்கு நாலு கோப்பை ஊற்றினாள். கிரிம்ஷா இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. ஊரே அவரைக் கட்டிப்பிடித்தது. பப்பில் அவர் கை பைக்குள் போகவே இல்லை. மோரீன் பெருமையில் பூரித்துப் போனாள்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றார்கள்.

டாக்டர் பிலிப்பா கடைக்கே வந்துவிட்டார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே புல்தரை துளி தெரிந்தது.

"இது வழியா பாத்தீங்களா?"

"ஒரு கால் தெரிஞ்சுதும்மா. யார் காலுன்னுகூடத் தெரியலை."

"அதான்" என்றார் டாக்டர்.

இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தார்கள். ஜீன் முணுமுணுத்தாள். "எனக்கு இருந்த வெளிச்சமே அது ஒண்ணுதான் கண்ணு. உன்னால அதுவும் போச்சு."

பலகை அடித்த பிறகு ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். அதற்கடுத்த ஆட்டம் தோற்றார்கள். மைதானத்துக்குள் இருப்பதே தவறு என்று முடிவாயிற்று. டெரிக் வீட்டிலேயே இருக்கவேண்டும். வானொலி கூடாது, தொலைக்காட்சி கூடாது. மோரீன் மட்டும் கழுத்துப்பட்டையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனாள். டெரிக் பாத்திரம் கழுவினார். தோல்வி. அவர்கள் வீடு மைதானத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது என்பது அப்போதுதான் கழகத்துக்கு உறைத்தது.

"சத்தம் கேட்டுதா?" என்றார் டாக்டர் பிலிப்பா தொலைபேசியில்.

"ஜன்னல் கண்ணாடியே அதிருதும்மா. கேக்காம எப்படி இருக்கும்?"

"அதான்."

அதற்கப்புறம் சனிக்கிழமை காலையில் கழகத்தின் வண்டி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தது. காவலுக்கு டேரன். மைதானத்தில் மஞ்சள் சட்டை போட்டுக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவன், ஆள் கதவு அகலம், குரல் மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி. அவன் டெரிக்கை மோர்கம் கடற்கரைக்குக் கூட்டிப் போவான். இருவரும் மழைக்கு ஒதுங்கி, சேறும் கடலுமாகக் கிடக்கிற விரிகுடாவைப் பார்த்துக்கொண்டு, ஆட்டம் முடிகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள்.

"அண்ணே, இந்நேரம் மூலை உதை ஏதாச்சும் கிடைச்சிருக்குமில்ல?" என்பான் டேரன்.

"பேசாதேடா. நினைக்கக்கூடாது."

முதல் தடவை ஐந்து கோல் போட்டு ஜெயித்தார்கள். கெண்டல் மோர்கம்முக்கே வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். இரண்டாம் தடவை, தங்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்று மாற்று ஆட்களை இறக்கிய அணியிடம் தோற்றார்கள்.

டாக்டர் பிலிப்பா தொலைபேசியில் கேட்டார். "டெரிக், உண்மையைச் சொல்லுங்க. நினைச்சீங்களா?"

டெரிக்குக்குப் பொய் வராது. "நினைச்சேம்மா."

"அதான்."

நினைப்பை நிறுத்த, மோர்கம் கூடமொன்றில் சனிக்கிழமை மதியம் நடக்கும் முதியோர் நடன வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். வந்திருந்த அம்மாக்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே ஜோடி இருந்தது. எனவே டேரனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டெரிக் சுழல வேண்டியதாயிற்று. இருவருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதைத் தவிர எதற்கும் மூளையில் இடமில்லை. கிரிம்ஷா சமன் செய்தது. கழகம் இதைத் திருப்புமுனை என்று அறிவித்தது.

ஊர் இப்போது டெரிக்கை வேறு மாதிரிப் பார்த்தது. ஜெயித்த வாரம் இறைச்சிக் கடைக்காரன் ஒரு துண்டு கூடப் போடுவான். தோற்ற வாரம் தராசைப் பார்த்தபடியே கேட்பான். "சனிக்கிழமை எங்க இருந்தே?" தெருவில் வருகிற ஆட்கள் அவர் காதில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்கள். ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வந்தார்களா, குடித்தார்களா, தூங்கினார்களா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பின்காப்பு ஆட்டக்காரன் ஒருவன் தன் பக்கத்துக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு, "டெரிக் எங்கேன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று பேட்டி கொடுத்தான்.

மோரீனும் ஆரம்பத்தில் அந்தக் கட்சிதான். "கொஞ்ச நாள்தானே டெரிக், பொறுத்துக்கோயேன். மேல்படிக்குப் போயிட்டா அப்புறம் வந்து உக்காரப்போறே." அவர் நாற்காலியில் தன் கோட்டை மடித்து வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் டெரிக் அவள் வாயைப் பிடுங்குவார்.

"ரெண்டாவது கோலை யார் போட்டது?"

"அந்த உயரமானவன்."

"எந்தக் காலால?"

"காலாலதான்."

"எந்தக் காலும்மா? இடதா, வலதா? எங்கிருந்து? பந்து தரையோட போச்சா, தூக்கிப் போச்சா?"

"போச்சு டெரிக். உள்ள போச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." மோரீன் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். பிறகு, "நீ இல்லைன்னா நான் எங்க ஆட்டத்தைப் பாக்குறேன். உன் நாற்காலிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கிட்டே இருக்கேன், பக்கத்துல இருக்கிறவன் என்னை ஒரு மாதிரி பாக்கிறான்" என்றாள்.

டெரிக் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ஆட்டம் பாக்கணும் மோரீன். நல்லா ஆடுறதைப் பாக்கணும்னுகூட இல்லை. தோக்குறதைப் பாத்தாக்கூடப் போதும்."

மோரீன் அன்றிரவு அந்தக் கட்சியை விட்டு விலகினாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. தார்ன்பி ரோவர்ஸ் அணியோடு, சொந்த மைதானத்தில். ஜெயித்தால் கிரிம்ஷா ஆறாம் இடம். மேல்படிக்குப் போவதற்கான இறுதிச் சுற்றில் நுழைந்துவிடும். எப்படி அவ்வளவு தூரம் வந்தார்கள் என்பது கழகத்துக்கே தெரியாது. மற்ற அணிகள் இவர்களைவிட மோசமாகத் தடுமாறியிருக்கின்றன, அவ்வளவுதான். டெரிக்கை நடன வகுப்புக்குப் பிறகும் இரண்டு மணிநேரம் மோர்கம்மிலேயே வைத்திருக்க உத்தரவு.

திட்டம் மோரீனுடையது. சொந்தப் பக்க வாசல்கள் எல்லாவற்றிலும் டெரிக்கின் படத்தை ஒட்டியிருந்தார்கள். எதிரணிப் பக்க வாசலில் ஒட்டவில்லை. கிரிம்ஷாக்காரன் ஒருவன் அந்தப் பக்கம் போய் உட்காருவான் என்று எவருக்கும் தோன்றவில்லை. கிரிம்ஷாவில் அதற்குப் பதில் ஆற்றில் குதிப்பார்கள். மோரீன் தார்ன்பியில் இருக்கும் தன் சித்தி மகளிடம் டிக்கெட்டும் ஆரஞ்சு நிறக் கழுத்துப்பட்டையும் வாங்கி வந்தாள். டெரிக் அந்தப் பட்டையைச் செத்த எலியைப் போல இரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா?"

"இதைப் போட்டுக்கிட்டுத்தான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. நம்மாளு கோல் போட்டா நீ துக்கம் கொண்டாடணும்."

மிச்சம் இருந்த தடங்கல் டேரன். மைதானத்தருகே வண்டியை விட்டு இறக்கிவிடும்போது அவன் டெரிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் மோர்கம் போயி நீங்க இருக்கீங்கன்னு சொல்லிடுறேன் அண்ணே. தனியா ஆடிக்கிறேன். நமக்குள்ள யாராச்சும் ஒருத்தராவது ஆட்டத்தைப் பாக்கணுமில்ல?"

எதிரணிப் பகுதியில் டெரிக் தொப்பியைப் புருவம் வரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மழை தூறியது. புல் எவ்வளவு பச்சை என்பதை அவர் மறந்தே போயிருந்தார். எதிரே, கிழக்குக் கூரைக்குக் கீழே, மோரீனின் சிவப்புத் தொப்பி புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்தில் மடித்து வைத்த கோட்டு.

கால்மணி நேரத்தில் அந்த உயரமானவன் கோல் போட்டான். இடது காலால், தரையோடு. டெரிக் எல்லாவற்றையும் பார்த்தார். மைதானத்தின் மூன்று பக்கம் எழுந்து குதித்தது. அவர் பற்களைக் கடித்துக்கொண்டு, ஆரஞ்சுப் பட்டையில் முகத்தைப் புதைத்தார். கண்ணீர் தானாக வழிந்தது. பக்கத்தில் இருந்த தார்ன்பி அம்மாள் இரக்கப்பட்டு அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்தாள்.

"அழாதீங்க அண்ணே. இன்னும் நேரம் இருக்கு. நம்ம பசங்க விட்டுட மாட்டாங்க."

"இல்லைம்மா, தாங்க முடியலை" என்றார் டெரிக். அது பொய் இல்லை. எதிரே சிவப்புப் புள்ளி இரு மடங்கு உயரம் குதித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் சேர்த்துக் குதிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் இரண்டாவது கோல். முப்பது கஜ தூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து வலையின் மேல் மூலையைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் போயிற்று. அப்படியொரு கோலை டெரிக் அந்த மைதானத்தில் தன் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். அவருடைய கால்கள் அவரைக் கேட்கவில்லை. எழுந்துவிட்டார். "போடுடா கண்ணா!" என்று கத்தியும்விட்டார்.

சுற்றிலும் ஆரஞ்சுப் பட்டைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

"யோவ், நீ எந்த ஊர்க்காரன்?" என்றான் பின்வரிசைக்காரன்.

மிட்டாய் கொடுத்த அம்மாள்தான் அதிகம் புண்பட்டாள். "என் மிட்டாயைத் தின்னுட்டீங்களே" என்றாள்.

சலசலப்பைக் கண்ட கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. பெரிய திரையில் டெரிக் ஆஷ்வொர்த்தின் முகம், வாய் திறந்தபடி, வீட்டுச் சுவர் அளவுக்குத் தெரிந்தது. மைதானம் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது. ஒலிபெருக்கி கரகரத்தது. கெண்டலின் குரல்.

"இன்மை ஆலோசகர் உடனடியாக மைதானத்தை விட்டு வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். மீண்டும் சொல்கிறேன். டெரிக், ப்ளீஸ்."

ஆயிரமாயிரம் பேர் திரையைப் பார்த்தார்கள். கிரிம்ஷாவின் கோல்காப்பாளனும் திரும்பித் திரையைப் பார்த்தான். தார்ன்பிக்காரன் ஒருவன் மட்டும் பந்தைப் பார்த்தான். அது மெதுவாக உருண்டு, கோல்காப்பாளனின் முதுகுக்குப் பின்னால் உள்ளே போயிற்று.

டெரிக்கை இருவர் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்கள். தெருமுனைக்கு வருவதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. சின்னக் கூட்டத்தின் சத்தம். எதிரணிப் பக்கத்துச் சத்தம். வீட்டுக் கதவருகில் நின்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி நிமிடங்களில் அதே பக்கமிருந்து அது மூன்றாவது முறையும் வந்தது.

கிரிம்ஷா டவுன் எட்டாம் இடத்தில் முடித்தது. போன வருடமும் எட்டாம் இடம்தான்.

விசாரணை அலுவலகத்தில் நடந்தது. மோரீனும் உடன் போனாள். டெரிக் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"ரெண்டு கோல் விழுந்தப்பவும் நான் அங்கதானே இருந்தேன்? ரெண்டையும் கண்ணால பாத்தேனே? அப்ப என் ராசி நல்ல ராசிதானே?"

டாக்டர் பிலிப்பா பொறுமையாக விளக்கினார். "அந்த நேரத்துல நீங்க இருந்தது எங்களுக்குத் தெரியாது. டேரன் சொன்ன தகவல்படி நீங்க மோர்கம்ல ஆடிக்கிட்டிருந்தீங்க. எங்க கணக்குல அந்த ரெண்டு கோலும் மோர்கம்லதான் சேரும். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்ச பிறகு பாருங்க, மூணு கோல் வாங்கினோம். இதைவிடத் தெளிவான பருவம் எனக்குக் கிடைச்சதே இல்லை."

"ஒலிபெருக்கியில கூவினது யாரு?" என்றாள் மோரீன். "உங்க கோல்காப்பாளன் ஏன் திரும்பினான்?"

"அம்மா, நடந்ததை வச்சுப் பேசினா எந்த முடிவுக்கும் வர முடியாது" என்றார் கெண்டல். அவர் குரல் நிஜமாகவே கனிந்திருந்தது. "நாங்க டெரிக்கைக் குறை சொல்லலை. நாங்களும் மனுஷங்கதான். நாங்க மூணு பயிற்சியாளரை மாத்தினோம், பதினாலு ஆட்டக்காரங்களை வாங்கினோம், புல்லைக்கூட மாத்தினோம். எதுவும் நடக்கலை. அதெல்லாம் எங்க தப்புன்னு ஆயிடுச்சுன்னா இந்தக் கழகத்தை யார் நடத்துறது? சொல்லுங்க."

மோரீன் டெரிக்கின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கழகம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. டேரனைக் கழிப்பறை வாசல் காவலுக்கு மாற்றியதோடு விட்டது. டெரிக்கின் நாற்காலியை வேறு யாருக்கும் தருவதில்லை, அது என்றும் காலியாகவே இருக்கும் என்று அறிவித்தது. முதுகில் ஒரு பித்தளைத் தகடும் பதித்தது. "டெரிக் ஆஷ்வொர்த். இந்தக் கழகத்துக்காக இங்கே இல்லாதவர்." மோரீனின் கோட்டை இனி அதில் வைக்கக்கூடாது என்று பணிவுடன் கேட்டுக்கொண்டது.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தன்று டெரிக் கால்வாய்ப் பாலத்தின் மேல் நின்றார். காலையில் வரவேண்டிய மோர்கம் வண்டி இன்னும் வரவில்லை. தகட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று மோரீனை முன்கூட்டியே அழைத்துப் போயிருந்தார்கள். வரமாட்டேன் என்று அழுதாள். ஒருத்தராவது போய்ப் பாக்கணும் என்று அவர்தான் அனுப்பி வைத்தார்.

மைதானத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. கோலுக்கான ஆரவாரம் இல்லை அது. சீராக, மரியாதையாக, நிறுத்தாமல் தட்டுகிற கைதட்டல். எதிரணிக் கழுத்துப்பட்டை போட்ட ஒருவன் தாமதமாகிவிட்டதென்று பாலத்தில் ஓடிவந்தான். சத்தம் கேட்டதும் நின்றான்.

"யாருக்குத் தம்பி இது?" என்று கேட்டார் டெரிக்.

"யாரோ ஒரு பழைய ரசிகராம் பெரியவரே. ஒரு நிமிஷம் கைதட்டுறாங்க. பாவம், தவறிட்டாரு போல." அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் செய்கிற மரியாதை. டெரிக் ஆயுள் முழுக்க அந்த மைதானத்தில் எத்தனையோ பேருக்குச் செய்தது. அவரும் தொப்பியைக் கழற்றினார். கைதட்டல் ஓயும் வரை இருவரும் தலை குனிந்து பாலத்தில் நின்றார்கள்.

கிரிம்ஷா டவுன் அன்று தோற்றது. சாயங்காலம் தொலைபேசி மணி அடித்தது.

"டெரிக்," என்றார் டாக்டர் பிலிப்பா, "கைதட்டலைக் கேட்டீங்களா?"

"கேட்டேம்மா."

"அதான்" என்றார் டாக்டர்.